பெட்ரோல் ஏறினால்தான் மின்சாரக் காருக்கு விலையா? வேலூரில் டியாகோ இவி விற்பது பற்றி உதவி தேவை

சத்துவாச்சாரிவாசி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2023-இல் வாங்கிய டியாகோ இவி (டாடாவின் சின்ன மின்சாரக் கார்) இருக்கிறது. 24 யூனிட் பேட்டரி, முதல் ஓனர், 58,000 கிலோமீட்டர் ஓடியது. தினமும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போய்வர வாங்கிய வண்டி. இப்போது வேலை வேலூருக்குள்ளேயே மாறிவிட்டது. ஆபீசுக்கு ஸ்கூட்டரே போதும். கார் மாதம் 300 கிலோமீட்டர் ஓடினால் பெரிது.

விற்றுவிடலாம் என்று பழைய கார் வியாபாரி ஒருவரிடம் காட்டினேன். ஆன்ரோடு பதினொன்றரை லட்சத்துக்கு எடுத்த வண்டிக்கு நாலே முக்கால் சொல்கிறார். "பெட்ரோல் நூறு ரூபாயிலேயே நிற்குது சார், நூத்தி இருபது ஆனா வாங்க, நல்ல விலை போட்டுத் தரேன்" என்கிறார். அது போக, முழு சார்ஜில் 182 கிலோமீட்டர்தான் காட்டுகிறது, பேட்டரி போய்விட்டது என்று ஒரு குண்டையும் போட்டார்.

பெட்ரோல் ஏறும்வரை வைத்திருப்பது புத்திசாலித்தனமா? பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறதா? வாங்க வருகிறவர்கள் எல்லோரும் "கரண்ட் பில் எவ்வளவு ஏறுது?" என்றும் கேட்கிறார்கள். அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடிய வீடு, கார் வந்ததும் 800-ஐத் தாண்டியது என்பது மட்டும் தெரியும்.

பைபாஸ்ராஜா

பேட்டரி வண்டி எல்லாம் பொம்மை சார். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஸ்விப்ட் எடுங்க.

காட்பாடி கணக்கு

ராஜா சார், அவர் கேட்டது அது இல்லை.

கரண்ட் பில்லை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஈபி கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஒரு கோடு. அதைத் தாண்டாத வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, 400 வரை 4.80, 500 வரை 6.45. தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகையே போய்விடும். 101-இலிருந்து 400 வரை 4.80, அப்புறம் 6.45, 8.55, 9.65, 800-க்கு மேல் 1,000 வரை 10.70 என்று ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணம் இது. உங்கள் 380 யூனிட்டுக்கு பில் சுமார் 1,100 ரூபாய். 810 யூனிட் என்றால் சுமார் 4,980. கார் தின்ற 430 யூனிட்டுக்கு 3,880 ரூபாய், அதாவது யூனிட் ஒன்பது ரூபாய். விளம்பரத்தில் போடும் "கிலோமீட்டருக்கு ஐம்பது பைசா" எல்லாம் இந்த 500 கோட்டை மறைத்துவிட்டுப் போட்ட கணக்கு.

சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஏழு கிலோமீட்டர் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 1.30 ஆகிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார், 101 ரூபாய் பெட்ரோலில், 6.30. ஆக மிச்சம் ஐந்து ரூபாய். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டியபோது உங்களுக்கு 7,500 ரூபாய் மிஞ்சியது. இப்போது 300-தான் ஓட்டுகிறீர்கள். மிஞ்சுவது 1,500 ரூபாய், கரண்ட் ஸ்லாப் இறங்குவதால் இன்னும் ஒரு நூறு ரூபாய் வேண்டுமானால் கூடும். உங்களைப் பொறுத்தவரை வண்டியின் மதிப்பு குறைந்தது இந்த இடத்தில்தான். பங்க் போர்டில் எதுவும் மாறவில்லை, உங்கள் ஓட்டம் மாறிவிட்டது.

சரி, பெட்ரோல் பத்து ரூபாய் ஏறுகிறது என்றே வைப்போம். பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 62 பைசா கூடும். மாதம் 1,500 ஓட்டுகிறவருக்கு வருஷத்துக்கு 11,250 ரூபாய், ஐந்து வருஷத்துக்கு 56,000. மாதம் 500 ஓட்டுகிறவருக்கு அதே ஐந்து வருஷத்தில் 19,000-கூட இல்லை. நியாயமாகப் பார்த்தால் பத்து ரூபாய் ஏற்றத்துக்காக ஒருவர் உங்கள் பழைய வண்டிக்குக் கூடுதலாகத் தரக்கூடியது அதிகபட்சம் அவ்வளவுதான். அதற்காக நீங்கள் காத்திருக்கும் காலத்தில் வண்டிக்கு ஒரு வயது கூடும், பேட்டரி வாரண்டியில் ஒரு வருஷம் கழியும், இன்சூரன்ஸ் ஒருமுறை கட்டுவீர்கள்.

வேலப்பாடி பென்ஷனர்

தம்பி, "ஏறும்போது விற்கிறேன்" என்று காத்திருப்பதற்கு நம் ஊர் பெட்ரோல் விலை தங்கம் மாதிரி இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் கச்சா எண்ணெய் ஒரு நாள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. இங்கே பெட்ரோல் இறங்கியதா? மே மாதம் ஒன்றிய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் கூட்டி அந்தக் குறைவை எடுத்துக்கொண்டது. அப்புறம் ஏறி 2021-இல் நூறைத் தொட்டது. ஆகஸ்டில் மாநில அரசு 3 ரூபாய் குறைத்தது, நவம்பரில் ஒன்றிய அரசு 5, மறுபடி 2022 மே மாதம் 8. அன்றிலிருந்து சென்னையில் 102.63 என்று கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அசையவே இல்லை. 2024 மார்ச்சில் 2 ரூபாய் இறங்கியது. 2025 ஏப்ரலில் கலால் வரியை 2 ரூபாய் கூட்டியபோதும் பங்க் விலையில் மாற்றம் இல்லை.

உலகத்தில் எண்ணெய் ஆடுகிற ஆட்டத்தை இங்கே வரி வாங்கிக்கொள்கிறது. எப்போது ஏறும் என்று உங்கள் வியாபாரிக்கும் தெரியாது. விலையைக் குறைத்துக் கேட்க அவருக்கு ஒரு பேச்சு வேண்டும், அவ்வளவுதான்.

ஆம்பூர் ஸ்டியரிங்

அண்ணே, நான் சிஎம்சி ஆஸ்பத்திரி பேஷண்டுகளை சென்னை ஏர்போர்ட்டுக்கு ஓட்டுகிறவன். நூத்தி நாற்பது கிலோமீட்டர். இந்தச் சின்ன பேட்டரியில் போய்விடலாம், திரும்ப வர நடுவில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். வெளியே பாஸ்ட் சார்ஜருக்கு யூனிட் இருபது ரூபாய்க்கு மேல், அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. கிலோமீட்டருக்கு மூணு ரூபாய் ஆகிவிடும். வீட்டில் பிளக் இல்லாமல் மாடிக் குடித்தனத்தில் இருக்கிற ஆள் உங்கள் வண்டியை வாங்கினால் அவருக்குப் பாதி லாபம் அங்கேயே போய்விடும். வாங்க வருகிறவரிடம் முதலில் "உங்க பார்க்கிங்ல 15 ஆம்ப் பிளக் இருக்கா?" என்று கேளுங்கள்.

இன்னொன்று, பச்சை போர்டில் வெள்ளை எழுத்து உங்களுடையது. டாக்சிக்கு மஞ்சள் எழுத்து. டிராவல்ஸ்காரன் நல்ல விலை சொன்னால் மாற்றுகிற செலவைக் கழித்துத்தான் சொல்வான்.

சித்தூர் ரோடு

நீங்கள் ஏன் ஆந்திரா பக்கம் பார்க்கக் கூடாது? அங்கே பெட்ரோல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். மின்சாரக் காரில் அவர்களுக்கு நம்மைவிட மிச்சம் அதிகம். சித்தூர் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

காட்பாடி கணக்கு

யோசனை நல்லதுதான். ஆனால் சித்தூர்க்காரர்கள் பலர் கிறிஸ்டியான்பேட்டைக்கு வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு நம் விலைதான். அந்த ஏழெட்டு ரூபாய் உள்ளே தள்ளி இருக்கிறவர்களுக்குத்தான் பொருந்தும். மாநிலம் மாறினால் ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), அங்கே போய் மறுபதிவு என்று அலைச்சல். சின்ன வண்டிக்கு அந்தப் பாடு தேவையா என்று பாருங்கள்.

விலை உண்மையில் எங்கே விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் டாடா புது டியாகோ இவி விலையை 70,000 ரூபாய் வரை குறைத்தது. பேட்டரி செல் விலை இறங்கியதைக் காரணமாகச் சொன்னார்கள். அன்றைக்கே உங்கள் பழைய வண்டியின் மதிப்பும் அந்த அளவுக்கு இறங்கிவிட்டது. அடுத்து 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆனது, மேலே இருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போனது. பெட்ரோல் டியாகோ 75,000 வரை குறைந்தது. மின்சாரக் காருக்கு முன்பே 5 சதவீதம்தான், அங்கே குறைக்க ஒன்றும் இல்லை. இந்த இரண்டு அடியில் ஒன்றே போதும், பத்து ரூபாய் பெட்ரோல் ஏற்றத்தைத் தின்றுவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதை. 2022-இல் பெட்ரோல் விலை காலனுக்கு 5 டாலரைத் தொட்டபோது பழைய மின்சாரக் கார்களுக்கு ஏகக் கிராக்கி. 2023 ஜனவரியில் டெஸ்லா புது கார் விலையைக் குறைத்ததும் பழைய கார்கள் சரிந்தன. 2024 தொடக்கத்தில் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் 20,000 மின்சாரக் கார்களை விற்கப் போவதாக அறிவித்தது, மதிப்பு வீழ்ச்சியையும் ஒரு காரணமாகக் காட்டித்தான். பெட்ரோல் விலை வாங்குகிறவரை ஷோரூம் வாசல்வரை இழுத்து வரும். உள்ளே போனபின் அவர் பார்ப்பது புது வண்டி என்ன விலை என்பதைத்தான்.

சத்துவாச்சாரிவாசி

புரிகிறது. அப்படியானால் காத்திருப்பதில் பயன் இல்லை. அந்த 182 கிலோமீட்டர் விஷயம்?

தொரப்பாடி வயர்மேன்

டிஸ்பிளே காட்டும் கிலோமீட்டரை வைத்து பேட்டரியைச் சொல்ல முடியாது சார். கடைசியாக நீங்கள் எப்படி ஓட்டினீர்கள், ஏசி எவ்வளவு ஓடியது என்பதை வைத்து அது ஊகிக்கிறது. வேலூர் வெயிலில், டவுனுக்குள் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் அப்படித்தான் காட்டும். கம்பெனி சொன்ன 315 கிலோமீட்டர் சோதனைக்கூடத்துக் கணக்கு, அதோடு ஒப்பிடவே கூடாது.

இந்த வண்டியில் எல்எப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி. இந்த வகையில் சார்ஜ் இறங்கினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது. அதனால் எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்கே சரியாகத் தெரியாமல் போகும். பாதிப் பாதியாகவே சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தால், மிச்சத்தைச் சொல்லும் டிஸ்பிளே காட்டி தடுமாறும். நீங்கள் செய்ய வேண்டியது: மெதுவான சார்ஜரில், ராத்திரி, நூறு சதவீதம் ஆகி தானாக நிற்கும்வரை விடுங்கள். ஓட்டிப் பத்து சதவீதம் அளவுக்கு இறக்கி, மறுபடி முழுசாக ஏற்றுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் காட்டி நிதானத்துக்கு வரும்.

அப்புறம் 15 ஆம்ப் பிளக்குக்கு முன்னால் ஒரு சப்மீட்டர் போடுங்கள். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். பத்திலிருந்து நூறு வரை ஏற்ற எத்தனை யூனிட் எடுக்கிறது என்று பாருங்கள். புது வண்டியிலும் 24 யூனிட்டையும் முழுசாகப் பயன்படுத்த விடமாட்டார்கள், கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஏற்றும்போது பத்து சதவீதம் போல வீணாகும். 22, 23 யூனிட் எடுத்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 17, 18-இல் நின்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது, எது முதலில் வருகிறதோ அதுவரை. உங்களுக்கு இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் மிச்சம்.

எப்படியும் சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னதை வாங்குகிறவர் நம்பமாட்டார்.

சத்துவாச்சாரிவாசி

வயர்மேன் அண்ணா சொன்னபடியே செய்தேன். காட்டி இப்போது 200-க்குப் பக்கத்தில் காட்டுகிறது. சப்மீட்டரில் 22.8 யூனிட். ரிப்போர்ட்டும் கையில் வந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார்கள். ரிப்போர்ட்டை அதே வியாபாரியிடம் காட்டினேன். "பேட்டரி சரி சார், ஆனா பெட்ரோல்..." என்று பழைய பாட்டையே ஆரம்பித்தார்.

நேரடியாகவே தேடினேன். குடியாத்தத்திலிருந்து தினமும் காட்பாடிக்கு வந்து போகும் ஒரு ஆசிரியர் வந்து பார்த்தார். சொந்த வீடு, போர்ட்டிகோவில் பிளக் இருக்கிறது. சோலார் போடவும் எண்ணம், 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு மானியம் 78,000 கிடைக்கும் என்று அவரே சொன்னார். காட்பாடி கணக்கு போட்ட கிலோமீட்டர் கணக்கை அப்படியே அவரிடம் காட்டினேன். ஐந்தே முக்காலுக்கு ஒப்புக்கொண்டார். என் வண்டிக்கு இன்னும் பேங்க் கடன் பாக்கி இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

காட்பாடி கணக்கு

நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். மாதம் 1,500-க்கு மேல் ஓடுவார், பெட்ரோல் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு நஷ்டம் இல்லை.

கடன் பாக்கியை அவர் தரும் பணத்திலிருந்து நேராக பேங்க்கில் கட்டச் சொல்லுங்கள். பேங்க் என்ஓசியும் பார்ம் 35-உம் தரும், அதை வைத்து ஆர்சியில் ஹைப்பாதிகேஷனை (வண்டி பேங்க் கடனில் இருக்கிறது என்ற பதிவை) நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு பார்ம் 29, 30. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஞாபகப்படுத்துங்கள். பேட்டரி வாரண்டி பெயர் மாற்றத்தையும் சர்வீஸ் சென்டரில் பதிந்துவிடுங்கள்.

ஆம்பூர் ஸ்டியரிங்

பாஸ்டேக்கை மூடிவிட்டு சாவியைக் கொடுங்க அண்ணே. இல்லாவிட்டால் அவர் பள்ளிகொண்டா டோலைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் போனில் மெசேஜ் வந்துகொண்டே இருக்கும்.