ஆண்டு விழா அன்றே உதவித்தொகை மேசை போடலாமா?

மூன்றாமாண்டு வணிகவியல், கும்பகோணம் பக்கம்

மார்ச் மூன்றாம் வாரம் எங்கள் கல்லூரி ஆண்டு விழா. மேடை, மைக் செலவு போக மன்றக் கணக்கில் 18,000 ரூபாய் நிற்கும். சுமார் 300 பேர் வருவார்கள். பாபநாசம், வலங்கைமான், குடவாசல் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களே பாதி. மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் என்ற அரசுத் திட்டங்களின் பணம் சிலருக்கு வந்துகொண்டிருந்து நின்றுவிட்டது, சிலருக்கு வரவே இல்லை. எல்லாரும் ஒரே இடத்தில் சேரும் நாள் என்பதால் விழா அன்றே ஒரு மேசை போட்டுச் சரிபார்த்துக் கொடுக்கலாம் என்று யோசனை. மேசையில் என்னென்ன வேண்டும்? மீதிப் பணத்தில் மதியச் சாப்பாடும் போட முடியுமா?

பதில் 1: உதவித்தொகைப் பிரிவு

மேசை போடுங்கள் தம்பி, ஆனால் விழா அன்று வேண்டாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருகிற பெண் ஆதார் அட்டையும் பாஸ்புக்கும் கையில் வைத்திருக்க மாட்டாள். ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் போடுங்கள். அன்று வராதவர் யாரும் இல்லை, எல்லார் கையிலும் ஏதாவது ஒரு காகிதம் இருக்கும். அந்த நாள் விழாவுக்குப் பத்து நாளாவது முந்தியதாக இருக்கட்டும். விழாவுக்குப் பின் தேர்வு வந்துவிடும், யாரும் இதற்காகத் திரும்ப வர மாட்டார்கள்.

வரிசையில் மூன்றாமாண்டுதான் முதலில். அவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டால், கல்லூரிப் பதிவில் இருக்கும் பிழையைத் திருத்த அலைச்சல் இரட்டிப்பாகும்.

ஒரு நோட்டில் நான்கே பத்தி போதும்: யு.எம்.ஐ.எஸ். எண் (உயர்கல்வி மாணவர் பதிவு எண்), எந்தத் திட்டம், கடைசியாகப் பணம் வந்த மாதம், கோளாறு எங்கே. கோளாறு பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும்.

முதலாவது தகுதி. புதுமைப் பெண்ணும் (தொடங்கியது 2022 செப்டம்பர் 5), தமிழ்ப் புதல்வனும் (தொடங்கியது 2024 ஆகஸ்ட் 9) மாதம் 1,000 ரூபாய் தருபவை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் தன்னைத் தகுதியில்லாதவள் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறாள். அவளுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் வாங்கலாம். தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்குத்தான் கிடையாது.

இரண்டாவது பெயர். மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், அல்லது ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூட. மதிப்பெண் பட்டியலைத் தொடாதீர்கள், ஆதாரைத்தான் அதற்கு ஒத்துக் கொண்டுவர வேண்டும். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். அதனால் எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்த பிறகே மையத்துக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது வங்கி. அதை அடுத்தவர் சொல்லட்டும்.

எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் வருமானச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். ஓராண்டுதான் செல்லும், சாதிச் சான்றிதழ் போல நிரந்தரம் அல்ல. போன ஜூனில் வாங்கியது இந்த ஜூனில் உதவாது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை நாற்றங்கால், கல்லூரிச் சேர்க்கை மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுகிற ஊர் இது. வயல் வேலையில் இருக்கிற அப்பாவை அப்போது இ-சேவை மையத்துக்குக் கிளப்ப முடியாது. முதல், இரண்டாமாண்டு மாணவர்களை மே மாதமே புது வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிவிடுங்கள்.

பதில் 2: வங்கிக் கவுன்ட்டர்

'ஆதார் இணைச்சாச்சு சார்' என்று எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது கே.ஒய்.சி.க்கு, அதாவது வங்கியின் அடையாளச் சரிபார்ப்புக்குக் கொடுத்த நகலை. அரசுப் பணம் வர என்.பி.சி.ஐ. (தேசியப் பணப் பரிமாற்றக் கழகம்) பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேராக அந்த வங்கி இருக்க வேண்டும், அது வேறு வேலை. ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் நிற்கும், கடைசியாகச் சேர்த்ததுதான் செல்லும். மூன்று மாதம் வந்து நின்ற பணம் பல சமயம் நிற்கவே இல்லை. சிம் வாங்கும்போதோ வேறு எதற்கோ கைரேகை வைத்துத் திறந்த கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

'என் ஆதார்' தளத்தில் நுழைந்தால் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதி உண்டு. எந்த வங்கி, செயலில் இருக்கிறதா, எந்தத் தேதியில் சேர்த்தது, மூன்றும் தெரியும். ஓ.டி.பி. வரும் போன் மாணவரிடமே இருக்கட்டும், எண்ணை அவரே தட்டட்டும். தன்னார்வலர் யாரும் ஆதாரைப் படம் எடுக்கக் கூடாது. நோட்டில் எழுதுவதானால் கடைசி 4 எண் போதும். மொபைல் எண்ணே ஆதாரில் இல்லாதவர்களைத் தனியாகப் பிரியுங்கள், அவர்கள் முதலில் ஆதார் மையம் போக வேண்டும்.

வங்கி தவறாக இருந்தால், வேண்டிய கிளையில் ஒப்புதல் படிவம் கொடுக்கணும். அதில் பழைய வங்கியிலிருந்து மாற்றச் சம்மதம் என்று கேட்கும் கட்டத்தை 'டிக்' செய்யாமல் விட்டால் படிவம் போகும், மாற்றம் நடக்காது. நான்கைந்து நாள் கழித்து அதே தளத்தில் மறுபடி பாருங்கள். இரண்டாம், நான்காம் சனி வங்கி விடுமுறை, அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாமாண்டு வணிகவியல்

ரொம்ப நன்றி. பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு, இப்போது பணம் எடுக்க முடியவில்லை என்கிறார்கள் சிலர். அது ஏன்?

பதில் 3: வங்கிக் கவுன்ட்டர்

மைனர் கணக்காக இருக்கும். 18 முடிந்ததும் புதுப் படம், புதுக் கையெழுத்து, கே.ஒய்.சி. கொடுத்து மாற்ற வேண்டும். மாணவரே நேரில் போக வேண்டும், அம்மா போனால் நடக்காது. இரண்டு வருடமாக வரவு செலவு இல்லை, செயலற்றதாகிவிட்டது என்று கிளையில் சொன்னால், உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கை அப்படி ஆக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

பதில் 4: கோட்டை அடுப்பு

சாப்பாடு போடலாம், தாராளமாக. ஆளுக்குப் புளியோதரை ஒரு பொட்டலம், தயிர்சாதம் ஒரு பொட்டலம். 300 பேருக்கு அரிசி 36 கிலோ, பாதிப் பாதி. மார்ச்சில் கடையில் சம்பா, தாளடிப் புது அரிசி வந்து நிற்கும். விலை குறைவு என்று புளியோதரைக்கு அதை எடுத்தால் குழைந்து களியாகிவிடும். புளியோதரைக்குப் பழைய பொன்னிதான். புது அரிசி தயிர்சாதத்துக்கு நன்றாகவே இருக்கும்.

18 கிலோ புளியோதரைக்குப் புளி 2 கிலோ, நல்லெண்ணெய் 3 லிட்டர். எண்ணெயில் கஞ்சத்தனம் பிடித்தால் மதியத்துக்குள் வறண்டு தொண்டையை அடைக்கும். புளிக்காய்ச்சலை முதல் நாள் ராத்திரியே இறக்கிவிடுங்கள். தயிர்சாதத்துக்குப் பால் 36 லிட்டர், தயிர் 4 லிட்டர் போதும். தயிரைக் கூட்டினால் மத்தியானம் 1 மணிக்குப் புளிப்பு ஏறிவிடும். சாதம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் தயிர் விடணும்.

வாழை இலையைத் தணலில் வாட்டிக் கட்டினால் மடிப்பில் கிழியாது. வெளியே பழுப்புக் காகிதம் சுற்றுங்கள், செய்தித்தாள் வேண்டாம். பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிறது, நீர்மோருக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

பதில் 5: உதவித்தொகைப் பிரிவு

ஒன்று விட்டுப்போச்சு. விழா மேடையில் உதவித்தொகை வாங்குகிறவர்கள் பட்டியலைச் சிலர் ஆர்வக்கோளாறில் வாசித்துவிடுவார்கள். திட்டத்தின் பெயரைச் சொன்னாலே யார் என்ன சாதி, யார் வீட்டில் என்ன வருமானம் என்று அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். நோட்டையும் மேசையில் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள், முடிந்ததும் பிரிவு அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். மேடையில் சொல்ல வேண்டியது ஒரே வரி: 'பணம் இன்னும் வராதவர்கள் திங்கட்கிழமை 11 மணிக்கு அலுவலகத்துக்கு வாங்க, பாஸ்புக்கோடு.'