பழைய அஞ்சலட்டைகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகள்: உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 1890இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே போன்ற ஒளிப்பட நிறுவனங்கள் வெளியிட்ட பழைய அஞ்சலட்டைகளில் மலையகப் பிள்ளைகள் எவ்வாறு காட்டப்பட்டார்கள் என்று தேடி வருகிறேன். என்னிடமுள்ள ஓர் அட்டையில், கொழுந்துக் கூடையோடு நிற்கும் சிறுமியின் மூக்குத்திகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அவளுடைய பெயரோ தோட்டத்தின் பெயரோ எங்கும் இல்லை, கீழே ‘கொழுந்து பறிப்பவள், சிலோன்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டதோடு சரி. பிள்ளையைத் தேயிலைக்கு விளம்பரமாக நிறுத்தியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது, அது மனதை வருத்துகிறது.

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்து வீடுகளில் இத்தகைய அட்டைகள் இருந்தால், இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்புங்கள். பிரித்தானியாவில் 1902இல்தான் முகவரிப் பக்கத்தில் செய்தியும் எழுத இடமளிக்கப்பட்டது என்பதால், பின்பக்கத்தில் செய்தியையும் முகவரியையும் பிரிக்கும் நடுக்கோடும் தபால் முத்திரையும் காலத்தைக் கணிக்க உதவும். படத்திலுள்ள நகை, உடை பற்றி உங்கள் பாட்டிமார் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள்.