ரூத் ரெண்டெல் மறைவு: முதல் வாக்கியத்திலேயே கொலையாளியைச் சொல்லிவிட்டால் அது மர்ம நாவலா?

இரவுப்படிப்பு:
ஆங்கில மர்ம நாவலாசிரியர் ரூத் ரெண்டெல் மே 2, 2015 அன்று, தமது 85-ஆம் வயதில், லண்டனில் காலமானார். இங்கே நேற்று அஞ்சலி எழுதிய அன்பர், "அகதா கிறிஸ்டியின் வாரிசு மறைந்தார், கொலையாளியைக் கடைசிவரை ஒளித்துவைப்பதில் அவருக்கு நிகரில்லை" என்று எழுதியிருப்பது எனக்குப் பெரும் எரிச்சலூட்டியது. 1977-இல் வெளிவந்த 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்' நாவலின் முதல் வாக்கியத்திலேயே, கொன்றவள் யார், மாண்டவர்கள் யார், எதற்காகக் கொன்றாள் என்ற மூன்றையும் போட்டு உடைத்தவர் ரெண்டெல். பணிப்பெண் யூனிஸ் பார்ச்மன் தனக்கு எழுதப் படிக்கத் தெரியாத காரணத்தால், தான் வேலைபார்த்த கவர்டேல் குடும்பத்தைக் கொன்றாள் என்பதே அந்த வாக்கியத்தின் சாரம். அதை எழுதியவருக்கு இப்படியோர் அஞ்சலியா?

பழைய வாசகர்:
அந்த அஞ்சலியை எழுதியவன் நான்தான். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. 1964-இல் வந்த அவருடைய முதல் நாவலிலேயே காவல் ஆய்வாளர் வெக்ஸ்ஃபர்டு அறிமுகமாகிறார். அந்த வரிசை முழுவதும் கொலையாளியைத் தேடும் கதைகள்தாம். நீங்கள் ஒரே ஒரு நாவலின் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கொலையாளியை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அது மர்ம நாவலே அல்ல.

இரவுப்படிப்பு:
அந்த ஒரு வாக்கியம்தான் ரெண்டெல். யார் கொன்றது என்ற கேள்வியை முதலிலேயே தீர்த்துவிட்டதால், அடுக்களையில் கிடக்கும் ஒரு துண்டுச்சீட்டைக்கூட நாம் பதற்றத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டின் மகள் மெலிண்டா, பணிப்பெண்ணிடம் அன்பாக நடந்துகொள்ள விரும்பி, வார இதழில் வந்த கேள்விபதில் விளையாட்டைச் சேர்ந்து ஆடலாம் என்று அழைக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மெலிண்டாவிடம் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் யூனிஸுக்குப் படிக்கத் தெரியாது என்ற இரகசியம் அந்த இதழை வைத்துத்தான் வெளிப்படுகிறது. இந்தக் குடும்பம் சாகப் போகிறது என்று முன்பே அறிந்த வாசகருக்கு அந்தக் காட்சி எவ்வளவு கொடுமையானது! கொலையாளியை ஒளித்துவைத்திருந்தால் அது வெறும் பொழுதுபோக்குக் காட்சியாகக் கடந்து போயிருக்கும்.

நூலகப்பூனை:
என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. அவர் ஓர் எறும்பைக்கூட நசுக்கியதில்லை. எழுத்தறிவில்லாததால் கொன்றாள் என்ற வாக்கியம் கோடிக்கணக்கான எளிய மனிதர்களை அவமதிக்கிறது. எழுதியவர் மறைந்துவிட்டார் என்பதற்காக அதைப் போற்ற என்னால் முடியாது.

இரவுப்படிப்பு:
முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டால் அப்படித்தான் தோன்றும். அடுத்த வாக்கியத்திலேயே, உண்மையான நோக்கமோ முன்திட்டமோ இல்லை, பணமும் கிடைக்கவில்லை, பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்று ரெண்டெல் எழுதுகிறாரே, அதைப் படித்தீர்களா? அவளோடு சேர்ந்து கொன்ற ஜோன் ஸ்மித், ஊர் அஞ்சலகக் கடையை நடத்துபவள், மதவெறி பிடித்தவள், நன்றாகப் படிக்கத் தெரிந்தவள். படிப்பு அவள் கையைத் தடுக்கவில்லையே.

பழைய வாசகர்:
பேச்சை மாற்றாதீர்கள். கொலையாளிகள் எப்படி அகப்படுகிறார்கள் என்பதை முதல் வாக்கியம் சொல்கிறதா? தொலைக்காட்சியில் மொஸார்ட்டின் 'டான் ஜியோவானி' இசைநாடகம் ஓடிக்கொண்டிருக்க, அதைப் பதிவுசெய்ய வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியில் துப்பாக்கிச் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிடுகிறது. இதை ரெண்டெல் ஒளித்துத்தானே வைத்தார்?

புதிய உறுப்பினர்:
இந்த நாவலை இன்றுதான் நூலகத்திலிருந்து எடுத்துவந்தேன். ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி இப்படி வெளிப்படையாக எழுதியது சிறிதும் நியாயமில்லை.

பழைய வாசகர்:
பார்த்தீர்களா! கெட்டுப்போகும் அளவுக்கு ஓர் இரகசியம் அதில் இருக்கிறது என்று புதியவரே சாட்சி சொல்கிறார்.

இரவுப்படிப்பு:
முதல் வரியில் கொலையாளியைச் சொன்னால் மர்ம நாவல் அல்ல என்றவர் நீங்கள். இப்போது அதில் இரகசியம் உண்டு என்பவரும் நீங்கள். 2014 நவம்பரில் மர்ம நாவலாசிரியர் பி. டி. ஜேம்ஸ் மறைந்தபோதும் இதே போக்கைத்தான் கண்டோம்: அன்று அவருடைய ஒரு நாவலைக்கூட முழுமையாகப் படிக்காமல் மூன்று நாள் வாதாடினீர்கள்.

பழைய வாசகர்:
அந்தப் பொய்யை இங்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். ஜேம்ஸின் நூல்களை நீங்கள் பெயர்கூட அறியாத காலத்திலிருந்து படித்துவருபவன் நான்.

கிங்ஸ்மார்க்கம்வாசி:
இருவரும் ஒரே வாக்கியத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, பார்பரா வைன் என்ற புனைபெயரில் ரெண்டெல் எழுதியவற்றை ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. அவற்றுள் ஒன்றான 'எ ஃபேட்டல் இன்வெர்ஷன்' 1987-இல், குற்றப்புனைவுக்கான தங்கக் குத்துவாள் விருது பெற்றது. தொழிற்கட்சியின் சார்பில் 1997 முதல் பிரிட்டனின் பிரபுக்கள் அவையில் அமர்ந்து, பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு எதிரான 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக வாதாடினார். எதிர்க்கட்சி இருக்கையில் இருந்த ஜேம்ஸோ அவருக்கு நெருங்கிய தோழி. உங்களுக்கு அந்தப் பண்பில் கால்வாசியாவது வேண்டாமா?

இரவுப்படிப்பு:
பண்புப் பாடத்துக்கு நன்றி. 'எ ஃபேட்டல் இன்வெர்ஷன்' என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. ஒரு மாளிகைத் தோட்டத்தில், செல்லப்பிராணிகளைப் புதைக்கும் இடத்தில், மனித எலும்புகள் கிடைக்கின்றன. அங்கே ஒரு கோடைக்காலம் தங்கியிருந்த இளைஞர்களின் குற்றவுணர்வு நமக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு அந்த அச்சம் அவர்களை அரிப்பதைத்தான் பார்க்கிறோம். செய்தவர் யார் என்பதைவிட, செய்தபின் மனிதர் எப்படி வாழ்கிறார் என்பதே அவருடைய கேள்வி. கிறிஸ்டியின் வாரிசு என்பது அவருக்குச் செய்யும் அநீதி என்று மீண்டும் சொல்கிறேன்.

பழைய வாசகர்:
அங்கே புதைந்திருப்பது யாருடைய எலும்பு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்கிறாரா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நூலகப்பூனை:
என் பாட்டியைப் பற்றிய கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

இரவுப்படிப்பு:
'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்' நாவலைத் திறந்து முதல் இரண்டு வாக்கியங்களை இருவரும் சேர்த்துப் படியுங்கள், பிறகு பேசுவோம்.

பழைய வாசகர்:
படித்துவிட்டுத்தான் எழுதினேன். கேள்வி அப்படியே நிற்கிறது: எலும்பு யாருடையது என்பதைச் சொல்கிறாரா, இல்லையா?