கிளவுட் சர்வரில் மரியாடிபி: 3306 போர்ட்டை வெளியே திறக்கலாமா?

போச்சம்பள்ளி_மாமரம்
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு லோடு கணக்கு மென்பொருள் செய்கிறேன். கிளவுடில் உபுண்டு, அதில் மரியாடிபி டேட்டாபேஸ். செக்யூர் இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்டும் ஓட்டியாச்சு. ஓசூர் ஆபீசிலிருந்தும் கணக்கு பார்க்கணும். பைண்ட் அட்ரஸை 0.0.0.0 (எங்கிருந்து வரும் இணைப்பையும் கேட்கும்) ஆக்கி, பலமான பாஸ்வேர்டு வைத்தால் போதுமா?

தொப்பூர்_கணவாய்
போதாது தம்பி. அந்த ஸ்கிரிப்ட் பெயரில்லாத பயனர்களை நீக்கும், ரூட் வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும், டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்கும். போர்ட்டை அது தொடவே தொடாது. உபுண்டுவில் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1, அதாவது சர்வருக்குள்ளிருந்து மட்டும் என்றுதான் வருகிறது. இருக்கிற நல்ல பூட்டை நீங்களே ஏன் கழற்றுறீங்க? ஓசூரிலிருந்து எஸ்எஸ்எச் டன்னல் (சர்வருக்குப் போகும் பூட்டிய இணைப்பு) வழியாகப் போங்க.

ஓசூர்_டிபிஏ
இவ்வளவு பயம் வேண்டாம் அண்ணா. மரியாடிபி 10.4 பதிப்பிலிருந்து ரூட் யூனிக்ஸ் சாக்கெட் (சர்வருக்குள்ளேயே இருக்கும் இணைப்பு) வழியாகத்தான் நுழையும். சர்வரிலேயே ரூட்டாக இருப்பவருக்கு மட்டும். ஃபயர்வாலில் ஓசூர் ஐபியை மட்டும் விட்டால் வேலை முடிந்தது. சீசனில் டன்னல் அறுந்தால் லாரி கேட்டிலேயே நிற்கும்.

தொப்பூர்_கணவாய்
ரூட் சரி. ஆப் யூசர், அதாவது மென்பொருள் டேட்டாபேஸில் நுழையும் பயனர்? பல இடங்களில் பார்க்கிறேன்: எல்லா டேட்டாபேஸுக்கும் ‘கிராண்ட் ஆல்’ (முழு அனுமதி), ஹோஸ்ட் இடத்தில் சதவீதக் குறி (எங்கிருந்தும் நுழையலாம்). அதுவும் ரூட் மாதிரிதான், பேர் மட்டும் வேற. 2017 பிப்ரவரியில் வெளியே திறந்து கிடந்த மைஎஸ்கியூஎல் சர்வர்களில் பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்து, டேட்டாவை அழித்துவிட்டு 0.2 பிட்காயின் கேட்டார்கள். அப்புறம், ஆபீஸ் பிராட்பேண்ட் ஐபி மாறினால்? மொபைல் நெட்டில் ஒரே ஐபியைப் பலர் பகிர்கிறார்கள். அதை நம்பி எப்படி அனுமதிப்பது?

ஓசூர்_டிபிஏ
மாறாத ஐபி வாங்கிக்கொள்ளலாம், டிஎல்எஸ்ஸையும் (இணைப்பை மறையாக்கம் செய்வது) கட்டாயமாக்கலாம். ஆப் யூசர் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அந்த ஒரு டேட்டாபேஸில் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். இன்னொன்று: டேட்டாபேஸை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டி, போர்ட்டை பப்ளிஷ் செய்தால், உபுண்டு ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவின் விதி அதைத் தடுக்காது. அங்கே நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

போச்சம்பள்ளி_மாமரம்
டாக்கர் இல்லை. எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ கட்டளை அடித்துப் பார்த்தேன், 127.0.0.1:3306 என்றே காட்டுகிறது. அப்படியே விட்டுவிட்டு எஸ்எஸ்எச் டன்னலில் போகிறேன். விண்டோஸ் 10-இலேயே எஸ்எஸ்எச் கிளையன்ட் இருக்கிறதே.

ஓசூர்_டிபிஏ
எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. டன்னல்தான் என்றால், அறுந்தாலும் தானாக மறுபடி இணையும்படி சர்வீஸாக ஓட்டுங்க. ராத்திரி எடைமேடையில் பில் போடும் பையனைக் கட்டளை அடிக்க வைக்காதீங்க. அந்த எஸ்எஸ்எச் யூசருக்கு ஷெல் (கட்டளை அடிக்கும் வசதி) கொடுக்க வேண்டாம், நுழைய எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு மட்டும் போதும்.

தொப்பூர்_கணவாய்
எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு லாகினையும் நிறுத்திடுங்க.