அண்ணனின் ஆஸ்துமாவுக்கு 10 விழுக்காடுதானா?

பிறைவாசி
என் அண்ணன் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 2006இல் ஈராக்கில் ஓராண்டு. முகாமின் குப்பையைத் திறந்தவெளிக் குழியில் இரவும் பகலும் எரிப்பார்களாம். பணி முடிந்து வந்தபின் ஆஸ்துமா என்றார்கள். இப்போது மலேசியாவில், பிறையில் எங்களோடு இருக்கிறார். மாடி ஏறும்போது பாதியில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏதாவது பேச்சுக் கொடுப்பார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். ஊதும் பரிசோதனையில் 78 வந்ததால், உதவித்தொகையைத் தீர்மானிக்கும் ஊன விழுக்காடு 10 என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்த ஓர் எண்தான் எல்லாமா?

செந்தூல் அக்கா
இல்லை தம்பி. முதல் நொடியில் வெளியேறும் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 71 முதல் 80 விழுக்காடு என்றால் 10. 56 முதல் 70 என்றால் 30. 40 முதல் 55 என்றால் 60. அதற்கும் கீழே 100. ஆனால் ஒவ்வொரு படியிலும் ‘அல்லது’ என்று ஒரு சொல் இருக்கிறது. எண் நன்றாக இருந்தாலும், அழற்சியைத் தணிக்கும் இன்ஹேலர் எடுப்பவருக்கு 30. ஆண்டுக்கு மூன்று முறையாவது ஸ்டீராய்டு மாத்திரை எடுக்க நேர்ந்தால் 60. அண்ணனுக்கு என்ன மருந்து?

பிறைவாசி
காலையும் இரவும் பழுப்பு நிற ஸ்டீராய்டு இன்ஹேலர். கடந்த ஓராண்டில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நான்கு முறை. கிளினிக்கிலேயே மாத்திரை கொடுத்துவிடுவார்கள், சீட்டு கிடையாது.

செந்தூல் அக்கா
என் கணவரும் அங்கேதான் ஏமாந்தார். நம் ஊரில் மாத்திரையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெயரும் தேதியும் எழுதிக் கொடுப்பார்கள். தீர்ந்ததும் உறை குப்பைக்குப் போய்விடும். அதோடு சாட்சியும் போய்விடும். பிறகு நான் ஒவ்வோர் உறையையும் பிஸ்கட் டின்னில் சேர்த்தேன். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் கேளுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எதற்காக. ‘ஆஸ்துமா நோயாளி’ என்று ஒற்றை வரியில் எழுதினால் வாங்காதீர்கள். அதற்குமுன், விழுக்காட்டை உயர்த்தக் கேட்டு விண்ணப்பிக்கப் போவதாக அந்தத் துறைக்கு இன்றே தெரிவித்துவிடுங்கள். ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தையும் கொடுத்தால் இன்றைய தேதியே கணக்கில் வரும்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்
வேறு யாராவது படித்தால் உதவும்: 2022 ஆகஸ்டில் வந்த அமெரிக்கச் சட்டப்படி, ஈராக்கில் பணியாற்றிப் பின்னர் ஆஸ்துமா கண்டவர், பணியால்தான் வந்தது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. 30 விழுக்காடு எட்டினால் மனைவிக்கும் சேர்த்து உதவித்தொகை கூடும்.

பிறைவாசி
நன்றி அக்கா. இப்போதுதான் அண்ணனின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஓர் உறை கிடைத்தது. 5 மி.கி., காலையில் 6 மாத்திரை, 5 நாள், மார்ச் 14. மற்ற மூன்றையும் நாளை கிளினிக்கில் கேட்கிறேன்.