எக்ஸ்மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்: பிளேஸ்டேஷன்ல வந்தது அதே கேமா?

லாங்குபஜார்_பையன்:
வேலூர்ல எங்க செட்டுப் பசங்க முக்காவாசிப் பேருக்கு ரெண்டு ரெண்டு பேரா டீம் கட்டி மோதுற இந்த சண்டை கேம் பிளேஸ்டேஷன் சிடியாத்தான் பழக்கம். அதனாலயே யாரும் குறை சொல்ல மாட்டேன்றாங்க. நான் சொல்றேன். 1996ல ஆர்கேட்ல, அதாவது காசு போட்டு ஆடுற கடை மிஷின்ல, வந்தப்ப இதோட உயிரே ஆள் மாத்துறதுதான். ஹெவி பஞ்சும் ஹெவி கிக்கும் சேத்து அமுக்கினா வால்வரின் வெளிய, ரியூ உள்ள. வெளிய நிக்கிறவனுக்கு லைஃப் பார்ல செவப்பா இருக்கிற பங்கு மெதுவா ஏறும். எப்ப மாத்தறது, எப்ப தம் கட்டி நிக்கிறது, அதான்யா ஆட்டம். 1998ல வந்த பிளேஸ்டேஷன் சிடில அதையே புடுங்கிட்டாங்க. பார்ட்னர் சில மூவுக்கு மட்டும் வந்து அடிச்சிட்டு ஓடிடுவான். மத்தபடி ரவுண்டு ரவுண்டா ஒத்தைக்கு ஒத்தை.

காட்பாடி_ஜங்ஷன்:
இன்னாபா, பிளேஸ்டேஷன் மிஷின்ல மெயின் மெமரி 2 எம்பி, வீடியோ மெமரி 1 எம்பி. அவ்ளோதான். ஆர்கேட் போர்டு, கேம் இருக்கிற ரோம் சிப்புல இருந்தே படத்த நேரா எடுத்துக்கும். இங்க சிடில இருந்து மெமரிக்கு ஏத்தினாத்தான் வரையவே முடியும். மாக்னெட்டோ ஒருத்தனுக்கே எத்தன ஃப்ரேம், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம்! ரெண்டு பக்கமும் சேத்து நாலு பேருக்கு எங்க எடம்? பட்டன அமுக்கி, சிடி சுத்தி, ஆள் வர்ற வரைக்கும் எதிராளி கை கட்டி நிப்பானா?

முள்ளுகத்திரி:
1997லயே ஜப்பான்ல சேகா சாட்டர்ன் கன்சோலுக்கு வந்துச்சே, கூடுதல் மெமரி தர்ற 4 எம்பி ரேம் கார்ட்ரிட்ஜோட. அதுல ஆள் மாத்தலாம்.

காட்பாடி_ஜங்ஷன்:
சாட்டர்ன நம்ம ஊர்ல எந்தக் கடைல பாத்த நீ? நமக்குக் கெடச்சது காப்பி சிடி ஓட சிப் போட்ட பிளேஸ்டேஷன், மணிக்கணக்கு வாடகை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிக்கடை இருந்துச்சு. கடைக்காரரு சுவத்துல ஸ்கெட்ச் பேனாவால "கீழ, முன்ன, பஞ்ச்"னு எழுதி ஒட்டியிருப்பாரு. அத பாத்துதான் நான் ரியூவோட ஹடூக்கன் அடிய போடவே கத்துக்கிட்டேன். இந்த சிடி வரலன்னா எனக்கு சைக்ளாப்ஸே தெரிஞ்சிருக்காது.

லாங்குபஜார்_பையன்:
அதே மாதிரி கடையிலதான் டெக்கன் 3ங்கிற சண்டை கேமுக்கு அடிதடி நடந்துச்சு. அதுவும் ஆர்கேட்ல இருந்து வந்ததுதானே?

காட்பாடி_ஜங்ஷன்:
அந்த ஆர்கேட் போர்டே பிளேஸ்டேஷன் மிஷின அடிப்படையா வெச்சு செஞ்சது. அதோட ஆளுங்க பாலிகன்ல செஞ்ச 3டி உருவம், ஃப்ரேம் ஃப்ரேமா வரைஞ்ச படத்த மெமரில வெக்கத் தேவையில்ல. அப்பவும் பேக்ரவுண்ட தட்டையாக்கித்தான் கொண்டாந்தாங்க.

லாங்குபஜார்_பையன்:
நான் சொல்றதும் அதான்பா. பேக்ரவுண்டு போனா சண்டை கெடாது, போகட்டும். இங்க கையவெச்சது சண்டையிலயே. ஃப்ரேமும் வெட்டி, ஹைப்பர் காம்போங்கிற பெரிய அடி போட்டா ஸ்லோ ஆகி, ஆள் மாத்துறதும் இல்லன்னா மிச்சம் இன்னா?

பாகாயம்_பிளேயர்:
அண்ணா, நான் 2024ல வந்த பழைய கேம் கலெக்‌ஷன்லதான் ஆர்கேட் வெர்ஷன ஆடினேன். அதுக்கப்புறம் அந்த பழைய சிடிய பத்து நிமிஷம் கூட ஆட முடியல. பார்ட்னர கூப்பிட கை தன்னால பட்டனுக்குப் போகுது.

காட்பாடி_ஜங்ஷன்:
தம்பி, நீ இப்ப ஆடுற. 2 எம்பில அந்த வருஷம் வேற எப்டி செய்றது, அத சொல்லு.

லாங்குபஜார்_பையன்:
செய்ய முடியலன்னா வாங்கறவன்கிட்ட சொல்லணும். ஜப்பான்ல இதே சிடிய "ஈஎக்ஸ் எடிஷன்"னு தனிப் பேர் வெச்சு வித்தாங்க. வெளிநாட்டுக்கு வந்தப்ப ஆர்கேட் பேரே அட்டைல. இது வேற ஆட்டம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, நமக்கு மட்டும் சொல்லல. எனக்கு ஆறாதது அதான்.