விண்டோஸ் 10 இல இருந்து லினக்ஸ்: கேம் எல்லாம் ஓடுமோ?

கொக்குவில்காரன்
ஐ5-7400, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 (4 ஜிபி). விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது, இந்த சிபியூவை 11 ஏற்காது. முழுசா லினக்ஸுக்கு மாறலாமோ? விளையாடுறது கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, விட்சர் 3, ஜிடிஏ 5, இடைக்கிட வலரன்ட். எல்லாம் 1 டிபி ஹாட் டிஸ்கில, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின்ர ஃபைல் முறை). திரும்ப டவுன்லோட் பண்ண டேட்டா காணாது.

பனங்கொட்டை
வலரன்ட் ஓடாது. அதின்ர ஏமாத்துத் தடுப்பு வான்கார்ட், விண்டோஸ் கேர்னலுக்குள்ள (சிஸ்டத்தின்ர அடிமட்டம்) இருக்கிற டிரைவர். புரோட்டனுக்கு (விண்டோஸ் கேமை லினக்ஸில ஓட்ட ஸ்டீம் கேம் கடை தாற மென்பொருள்) அங்க கை எட்டாது. ஜிடிஏ கதை ஓடும். ஒன்லைன் 2024 செப்டெம்பரில பேட்டில்ஐ எண்ட ஏமாத்துத் தடுப்பு வந்ததோட லினக்ஸில போச்சு. வலரன்ட் இல்லாமல் ஏலாதெண்டா விண்டோஸை அழிக்காதேங்கோ தம்பி.

கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கு. விட்சரில டைரக்ட்எக்ஸ் 11ஐத் தெரிவு செய்யுங்கோ; என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில 12 லினக்ஸில வேகம் குறையும், 4 ஜிபிக்கு அது தாங்காது.

அந்த என்டிஎஃப்எஸ் டிஸ்கை மட்டும் அப்பிடியே ஸ்டீமுக்குக் காட்டாதேங்கோ. புரோட்டன் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவ் செய்யும், அதுக்குள்ள "சி:" எண்டு முக்காற்புள்ளியோட ஒரு பேர். விண்டோஸ் டிஸ்கில அந்த எழுத்துக்கு இடமில்லை. "பிளே" அமத்தினா பட்டன் ஒருக்கா மாறி, ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் பழையபடி "பிளே" எண்டே வந்து நிக்கும். கனபேர் இதுக்குத்தான் லினக்ஸைத் திட்டுறது.

நல்லூர்_நெட்
டேட்டா கவலைக்கு வழி இருக்கு. விண்டோஸிலயே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (விண்டோஸை முழுசா நிப்பாட்டாமல் வைக்கிற வசதி) நிப்பாட்டி, டிஸ்க் மனேஜ்மென்டில ஹாட் டிஸ்கைச் சுருக்குங்கோ. லினக்ஸில அந்த வெறும் இடத்தை ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின்ர ஃபைல் முறை) ஆக்கி, ஸ்டீம் செட்டிங்ஸ், ஸ்டோரேஜில சேருங்கோ. பேந்து பழைய "ஸ்டீம்ஆப்ஸ், கொமன்" ஃபோல்டரில உள்ள கேம்களை புது இடத்தின்ர "கொமன்"க்குள்ள பேர் மாறாமல் கொப்பி பண்ணி, "இன்ஸ்டோல்" அமத்துங்கோ. இருக்கிறதைச் சரிபார்த்து, குறையிறதை மட்டும் இறக்கும்.

ஸ்டீம் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸில ஷேடர் ப்ரீ-காஷிங்கையும் (கிராஃபிக்ஸ் கோப்புகளை முன்கூட்டியே இறக்கிறது) நிப்பாட்டலாம், அது சொல்லாமல் டேட்டா தின்னும். ஆனா சில கேமில வீடியோக் காட்சிக்குப் பதிலா நிறக்கோடுகள் தெரிஞ்சா காரணம் அதுதான், திரும்பப் போடுங்கோ.

கொக்குவில்காரன்
நன்றி அண்ணை. லினக்ஸ் மின்ட் போடப்போறன். செக்கியூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தொடக்கத்திலயே தடுக்கிற வசதி) போட்டபடி இருக்கலாமோ?

பனங்கொட்டை
ஓம். இன்ஸ்டோலில ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், எழுதி வையுங்கோ. மறுபடி ஒன் ஆகேக்க நீலத்திரை வரும்; "என்ரோல் எம்ஓகே" தெரிவு செய்து அதே பாஸ்வேர்டைக் குடுங்கோ. அந்தத் திரை 10 செக்கனுக்கு மேல நிக்காது. தவறினா என்விடியா டிரைவர் ஏறாது, கேம் இழுத்து இழுத்துத்தான் ஓடும்.

விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் வைச்சிருந்தா விண்டோஸ் மணிக்கூடு 5½ மணித்தியாலம் பிந்திக் காட்டும். லினக்ஸ் மதர்போர்ட் கடிகாரத்தில கிரீன்விச் நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமெண்டு வாசிக்கும். பற்றறியை மாத்தக் காசு குடுத்திடாதேங்கோ.

சுன்னாகம்_ஜிபியூ
ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வைச்சிருக்கிறவை கவனம்: அது சேர்ந்த பாஸ்கல் தலைமுறை கார்டுகளுக்கு என்விடியாவின்ர 580 வரிசை டிரைவர்தான் கடைசி. ஆர்ச் லினக்ஸ் வகையறாவில கண்ணை மூடி அப்டேட் குடுக்கவேண்டாம். 1650 டியூரிங் தலைமுறை, அதுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.